போஸுக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் கோழி அறுப்பது ஆண்கள் வேலை. பக்கிரிசாமி மாமா வீட்டில் மட்டும் அதைப் பவளம் அத்தைதான் செய்வார். சரியாக அந்த நேரத்தில் மாமாவுக்குத் தேயிலைக் காட்டுப் பக்கம் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். கறி கொதித்து வாசனை வெளியே வந்த பிறகுதான் ஆள் திரும்பி வருவார். "ஐயா போன வேல முடிஞ்சிருச்சா?" என்று அத்தை கேட்பார். மாமா தட்டை எடுத்துக் கழுவுவார்.

காலில் ஏறும் அட்டையைக்கூட அவர் நசுக்கிப் பார்த்ததில்லை. இரண்டு விரலால் பிடுங்கிப் பக்கத்துச் செடியில் விட்டுவிட்டு நடப்பார். அவருடைய மகன் சசிதரன் இதை வைத்தே அவரை ஓட்டுவான். "அப்பா ரத்தத்தக் குடிச்ச அட்டையெல்லாம் இப்ப பேரன் பேத்தி எடுத்துருச்சுலா. தோட்டமே நம்ம சொந்தக்காரங்கதான்."

கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மாமா ஒரு முனை. எதிர்முனையில் பங்களாதேஷிலிருந்து வந்த ஒரு பையன். அந்த இரைச்சலில் மாமாவின் காது மந்தமாகிவிட்டது. கைப்பேசியை எப்போதும் சத்தமாக வைத்தே பேசுவார். அத்தை வீட்டுக்கு என்ன வாங்கிவரச் சொன்னார் என்பது லயம் முழுக்கத் தெரிந்திருக்கும். மற்றபடி அவர் பேசிக் கேட்டவர்கள் குறைவு. அவர் நிறையப் பேசியது போஸிடம் மட்டும்தான்.

போஸ் என்பது பன்றி. சசிதரன் கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். அங்கே பன்றி வளர்க்கும் சீன முதலாளி, ஒரு தவுக்கே, ஈற்றிலேயே நோஞ்சானாகப் பிறந்து தாயிடம் பால் கிடைக்காமல் கிடந்த குட்டியை அவனிடம் தூக்கிக் கொடுத்தார். ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு மழையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். வெளியே எடுத்தபோது குட்டி வெடவெடவென்று நடுங்கியது. அத்தை அதை ஒரு மைலோ பெட்டியில் போட்டு அடுப்போரம் வைத்தார். உடம்பெல்லாம் சேறாக இருந்ததால் வெந்நீரை விளாவித் துடைத்துவிட்டார். நடுக்கம் நின்றது. ரொட்டிக் கடையில் டீ குடிக்க வருகிறவனை முதலாளி என்று கூப்பிடுகிற மாதிரி சசிதரன், "போஸ், தே தாரிக் ஒண்ணு வேணுமா?" என்று அதனிடம் கேட்டான். அன்று வந்த பெயர்தான்.

லயத்தில் இப்போது பாதி வீடுகளில் இந்தோனேசியக்காரர்களும் பங்களாதேஷ்காரர்களும் இருக்கிறார்கள். பன்றியை வீட்டுப் பக்கம் வைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மாமா தானாகவே கீழே ஓடையோரம், முனீஸ்வரர் கல்லுக்குச் சற்றுத் தள்ளி, பலகையும் தகரமும் வைத்துக் கொட்டில் கட்டினார். தீபாவளிக்குள் பெரிதாகிவிடும், எல்லோருமாக அடித்துப் பங்கு போடலாம் என்பது அப்போதைய பேச்சு.

குட்டியாக இருந்தபோது தொடங்கிய வெந்நீர் நிற்கவே இல்லை. வேலை முடிந்து வந்ததும் மாமா வாளியில் வெந்நீர் எடுத்துக்கொண்டு சரிவில் இறங்குவார். கையை உள்ளே விட்டுச் சூடு பார்ப்பார். பிறகு செம்பால் மொண்டு முதுகில் ஊற்றுவார். முதல் செம்பு பட்டதும் போஸ் முன்னங்காலை மடக்கும். அடுத்த செம்புக்குப் படுத்துவிடும். அதற்கடுத்து ஒருபக்கமாகச் சாய்ந்து வயிற்றைக் காட்டும். மூடுபனி இறங்கியிருக்கும், அதற்குள்ளிருந்து மாமாவின் குரல் மட்டும் மேலே வரும். இன்றைக்கு எந்தச் சரிவில் வெட்டினோம், வேலை வாங்கும் மண்டோர் என்ன சொன்னான், சசி ஏன் இன்னும் வரவில்லை. மனிதரிடம் சொல்லாததெல்லாம் அந்தக் கொட்டிலில் கொட்டினார்.

அடைமழைக் காலத்தில்தான் அது நடந்தது. கம்போங் ராஜாவைத் தாண்டி ஈப்போவுக்கு இறங்கும் ரோட்டில் சசிதரனின் லோரி வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. முட்டைக்கோஸ் சரிவெல்லாம் சிதறிக் கிடந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். கையிலும் காலிலும் பெரிய காயம் ஏதுமில்லை. தலையில்தான். ஈப்போ ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். அத்தை அங்கேயே தங்கிவிட்டார். மாமா வேலை நாளில் மெஷினும் லீவு நாளில் ஈப்போவுமாக அலைந்தார். உடம்பு பாதியானது. போஸுக்கு வெந்நீர் மட்டும் தவறவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று அத்தை நேர்ந்துகொண்டார். பிள்ளையை எழுப்பிக் கொடு முனீஸ்வரா, போஸை உனக்குத் தருகிறேன். வழக்கப்படி பிள்ளை எழுந்து நடந்த பிறகுதான் செலுத்த வேண்டும். ஆனால் தலைக்குள் வீக்கம் குறையவில்லை, மறுபடி திறந்து பார்க்க வேண்டும், தாங்குவானா என்று சொல்ல முடியாது என்று டாக்டர்கள் கையெழுத்துக் கேட்டார்கள். அன்று அத்தை மாமாவைக் கைப்பேசியில் அழைத்துச் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"அவன் எழுந்திரிச்சதும் குடுக்குறேன்னு சாமிய காக்க வச்சது தப்புங்க. முன்னாடியே குடுத்துருங்க. உள்ள கொண்டு போறதுக்குள்ள குடுத்துருங்க."

கோயிலுக்கு வழக்கமாக வெட்டுகிறவர் யுவனேஸ்வரன் அண்ணன். கை சுத்தம், ஒரே வெட்டு. ஆனால் அவர் மனைவி புனிதா அப்போது மாசமாக இருந்தார். பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் ஓர் உயிரை எடுக்கக் கூடாது. தேங்காய்கூட உடைக்க மாட்டார்கள். யுவனேஸ்வரன் அண்ணன் மாமாவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "நான் கைய வச்சா ரெண்டு வீட்டுக்கும் ஆவாது மாமா." பூசை வைக்கும் மகேஸ்வரன் ஐயாவிடம் போனார்கள். வெட்டுகிறவன் கை விலகிவிட்டால் நேர்ந்தவர் வீட்டுக் கைதான், வேறு யாரும் தொடக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார்.

நேர்ந்தவர் வீட்டில் ஒரு கை ஈப்போவில் மயங்கிக் கிடந்தது. இன்னொன்று அதன் தலைமாட்டில் இருந்தது. மிச்சம் இருந்தது அட்டையை நசுக்காத கை.

ஆபரேஷன் நடக்கவிருந்த நாள் காலையில் முனீஸ்வரர் கல்லுக்கு முன்னால் கூடினோம். பக்கத்தில் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி. அந்தச் சரிவில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். மாமா கைப்பேசியைத் தொட்டியின் விளிம்பில் வைத்திருந்தார். சுருட்டு, சாராயம், பொரி, வாழையிலை எல்லாம் வைத்தாயிற்று. சற்றுத் தள்ளி ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. பன்றியின் மயிரைச் சுரண்டுவதற்கு. போஸை இழுத்துவரக் கயிறு கொண்டுபோனவர்கள் கயிற்றோடு திரும்பி வந்தார்கள். மாமா முன்னால் நடந்தார். போஸ் பின்னாலேயே வந்தது. இரண்டு ஆள் கனம் இருக்கும். கழுத்தில் செவ்வந்தி மாலையைப் போட்டபோது அது பூவைத் தின்னப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

பலி கொடுக்கும் முன் சாமி உத்தரவு கேட்க வேண்டும். மஞ்சள் தண்ணீரை மிருகத்தின் மேல் தெளிப்பார்கள். அது உடம்பைக் குலுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். குலுக்காமல் வெட்டினால் அது வெறும் கறி; சாமிக்குச் சேராது. ஆடு என்றால் இரண்டு தெளிப்பிலேயே சிலிர்த்து உதறிவிடும்.

மகேஸ்வரன் ஐயா மந்திரம் சொல்லி முதல் செம்பை ஊற்றினார். மஞ்சள் கரைய வேண்டும் என்று வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கியிருந்தார்.

போஸ் முன்னங்காலை மடக்கியது.

அடுத்த செம்பை ஊற்றினார். அது படுத்தது. மறுபடி ஊற்றியபோது ஒருபக்கமாகச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மஞ்சள் வழியும் வயிற்றைக் காட்டியது.

மகேஸ்வரன் ஐயா, "சாமி யோசிக்குதுலா," என்று சமாளித்தார். கற்பூரம் ஏற்றினார்கள். உடுக்கையை வேகமாக அடித்தார்கள். மறுபடியும் ஊற்றினார்கள். போஸ் தூக்கத்தில் பெருமூச்சு விட்டது. மாமா மட்டும் அதைப் பார்க்காமல் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. தினமும் கொட்டிலில் பேசுகிற மாதிரி இப்போது கல்லிடம் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சொல்தான் கேட்டது: "குடுத்துரு."

கைப்பேசி அடித்தது. வழக்கம்போல் சத்தமாகவே வைத்துப் பேசினார்.

"கொண்டு போவப் போறாங்க," என்றார் அத்தை. பின்னால் தள்ளுவண்டிச் சக்கரம் உருளும் சத்தம். "குலுக்கிச்சா?"

மாமாவுக்குப் பொய் வராது. "இல்ல பவளம். படுத்துக்கிச்சு."

அத்தை, குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று சொல்லும் அதே குரலில் சொன்னார். "அதுக்குச் சுடுதண்ணி பழக்கம். நாமதான் பழக்குனோம். ஓடையில பச்சத்தண்ணி மொண்டாந்து ஊத்துங்க. குலுக்கும்."

"அது சாமி உத்தரவு ஆவுமா?"

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க ஊத்துங்க."

அங்கே நின்ற அத்தனை பேரும் கேட்டோம். மகேஸ்வரன் ஐயா திரும்பி, அணையாத விளக்கின் திரியைத் தூண்டத் தொடங்கினார். யுவனேஸ்வரன் அண்ணன் மேலே தேயிலைச் சரிவைப் பார்த்தார். ஒருவர் தடுத்திருந்தால் மாமா நின்றிருப்பார். யாரும் தடுக்கவில்லை. எங்களுக்கும் சசிதரன் வேண்டும்.

மாமா வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினார். அந்த ஓடைத் தண்ணீரில் கை வைத்தால் எலும்புவரை ஏறும். நிரப்பிக்கொண்டு வந்தார். செம்பால் மொள்ளவில்லை. வாளியைத் தூக்கி அப்படியே கவிழ்த்தார்.

போஸ் துள்ளி எழுந்தது. தலையில் தொடங்கிய நடுக்கம் முதுகு வழியாக வால்வரை ஓடியது. காது இரண்டும் படபடக்க உடம்பை உதறியது. மஞ்சள் தண்ணீர் எங்கள் எல்லோர் மேலும் தெறித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். "உத்தரவு கெடச்சிருச்சு," என்றார் மகேஸ்வரன் ஐயா, கல்லைப் பார்த்து. போஸ் மாமாவின் கையிலிருந்த காலி வாளிக்குள் மூக்கை விட்டுப் பார்த்தது.

"குலுக்கிருச்சு," என்று மாமா கைப்பேசியில் சொன்னார். அத்தை அழும் சத்தத்தோடு அது நின்றது.

காலைக் கட்டி மல்லாத்திப் பிடித்தார்கள். பன்றிக்கு ஆட்டைப் போல ஒரே வெட்டு ஆகாது. கத்தியைக் குத்தி இறக்க வேண்டும். யுவனேஸ்வரன் அண்ணன் இரண்டு கையையும் கக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டு குனிந்து சொல்லிக்கொடுத்தார். தாடைக்குக் கீழே இல்லை, நெஞ்சுக் குழிக்கு மேலே. முனை வாலைப் பார்த்து இருக்க வேண்டும். தயங்கக் கூடாது.

மாமா தயங்கினார். கத்தி எலும்பில் பட்டு நின்றது. போஸ் கத்தியது. அந்தச் சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. பிடித்திருந்தவர்கள் பின்வாங்க, ஒரு கட்டு அவிழ, அது புரண்டு எழுந்துவிட்டது. ரத்தம் சொட்ட நொண்டிக்கொண்டே ஓடியது. ஓடையைப் பார்த்தோ கொட்டிலைப் பார்த்தோ ஓடவில்லை. மாமாவைச் சுற்றி ஓடி, அவருடைய காலுக்குப் பின்னால் போய் ஒண்டி நின்றது. எங்களையெல்லாம் பார்த்துப் பயந்து நடுங்கியது.

"மாமா," என்றார் யுவனேஸ்வரன் அண்ணன். ஒரு கை கக்கத்திலிருந்து வெளியே வந்துவிட்டது. அவரே அதைப் பார்த்துத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டார். "பாதியில விட்டா அதுக்குத்தான் வேதன. முடிச்சிருங்க மாமா."

மாமா மண்டியிட்டார். இடது கையால் போஸின் கழுத்தைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். கட்டவேண்டியிருக்கவில்லை, யாரும் பிடிக்கவேண்டியிருக்கவில்லை. அதன் காதில் ஏதோ சொன்னார். வலது கை இந்த முறை தயங்கவில்லை. முழங்கைவரை சிவப்பானது. அது அடங்கும்வரை அணைத்த கையை எடுக்கவில்லை.

பிறகு டிரம்மருகே கொண்டுபோய்ப் பலகை மேல் கிடத்தினார்கள். கொதிக்கும் தண்ணீரை வாளியில் மொண்டு மாமாவிடம் நீட்டினார்கள். வாங்கினார். ஊற்றும் முன், தினமும் செய்கிற மாதிரி, சூடு பதமாக இருக்கிறதா என்று கையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

யுவனேஸ்வரன் அண்ணன் வாளியைத் தட்டிவிட்டார். மாமாவின் விரல்கள் வெந்து வெளுத்திருந்தன. அவர் அதைப் பார்க்கவே இல்லை. "சூடா இருக்கு," என்று மட்டும் சொன்னார், யாரிடமோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

துணியைச் சுற்றிக்கொண்டு மிச்ச வேலையையும் அவர்தான் செய்தார். படையலுக்கான ஈரலும் நெஞ்சும் எடுக்கும்வரை வேறு கை படக் கூடாது. மயிர் சுரண்டிய உடம்பு வெள்ளையாக, வேறு ஏதோ ஒன்றாகக் கிடந்தது. குடல் கிழியாமல் வயிற்றை எப்படித் திறப்பது, விரலை எங்கே கொடுத்துக் கத்தியை நடத்துவது என்று யுவனேஸ்வரன் அண்ணன் சொல்லச் சொல்ல மாமா மெதுவாகத் திறந்தார். உள்ளேயிருந்து ஆவி எழுந்து அவர் முகத்தை மறைத்தது. இரைப்பை கிழிந்துவிட்டது. காலையில் அவர் போட்ட முட்டைக்கோஸ் இலைகள் பச்சை மாறாமல் சரிந்து விழுந்தன.

படைத்ததை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. அங்கேயே தின்று முடிக்க வேண்டும். முதல் துண்டு நேர்ந்தவர் வீட்டார் வாயில் விழ வேண்டும். மாமா சுட்ட ஈரலை வாயில் போட்டு மென்றார். நெடுநேரம் மென்றார். விழுங்கியபோது எல்லோருக்கும் கேட்டது.

மதியம் தாண்டி அத்தை அழைத்தார். உயிர் இருக்கிறது, முழிக்க நாளாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். "முழிச்சிருவான். அதான் குலுக்கிருச்சே," என்றார். மாமா உம் கொட்டினார்.

சசிதரனை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். புனிதாவுக்கு அதற்குள் பெண் பிறந்து, குப்புற விழவும் பழகிவிட்டது. சசிதரனின் கண் திறந்திருக்கிறது. யாரையும் பார்ப்பதில்லை. கஞ்சியைக் குழாயில் விடுகிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒன்று சொல்லியிருந்தார்: பேச்சு, தொடுதல், சூடு, குளிர், எதற்காவது உடம்பு அசைகிறதா என்று தினமும் பாருங்கள்.

வேலை முடிந்து வந்ததும் மாமா அவனைத் தூக்கிப் பின்வாசலில் நாற்காலியில் சாய்த்து உட்கார வைப்பார். வெந்நீரை விளாவிக் கையை விட்டுப் பார்ப்பார். வெந்த விரல்களுக்குச் சூடு சரியாகத் தெரிவதில்லை என்பதால் இப்போது இடது கை. ஊற்றிக்கொண்டே பேசுவார். எந்தச் சரிவில் வெட்டினோம், மண்டோர் என்ன சொன்னான். சசிதரன் அசைவதில்லை.

"ஒரு நாளாச்சும் பச்சத்தண்ணி ஊத்திப் பாருங்க," என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். மாமா காது கேட்காதவர் போல் இருந்துவிடுவார். நேற்று அத்தை கேட்கவில்லை. குழாயடியிலிருந்து ஒரு செம்பு மொண்டு வந்து அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்றார்.

மாமா செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மகனின் இடது தோளில் ஊற்றினார்.

தோல் சிலிர்த்தது. தோள் ஒருமுறை வெடுக்கென்று குலுங்கி நின்றது.

"குலுக்குனான்," என்றார் அத்தை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "பாத்தீங்களா? நீங்களும் பாத்தீங்கதானே? குலுக்குனானா இல்லையா, சொல்லுங்க."

"குலுக்குனான்," என்றார் மாமா.

அத்தை லயத்து ஆட்களைக் கூப்பிட முன்வாசலுக்கு ஓடினார். ஒவ்வொரு வீடாக அவர் குரல் நகர்ந்து போனது. மாமா வெந்நீர் வாளியைத் தொடவில்லை. மிச்சத் தண்ணீர் இருந்த செம்பையும் கீழே வைக்கவில்லை. பச்சைத்தண்ணீருக்குப் போஸும் குலுக்கியதுதான். தண்ணீர் படாமல் காய்ந்திருந்த மகனுடைய வலது தோளையே பார்த்துக்கொண்டு நின்றார்.